100 மில்லிகிராமில் நின்ற ஏணி: பி.சி.எல்-2 புரதத்தைத் தடுக்கும் சிகிச்சையில் ஒரு நிகழ்வு ஆய்வு

ரத்தவியல் பிரிவில் நாங்கள் சிகிச்சை அளித்த ஒரு பெண்மணியைப் பற்றியது இந்தக் குறிப்பு. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறோம். பெயரும் ஊரும் தேவையில்லை. ரத்தப் புற்றுநோய்ச் செல்களைச் சாகவிடாமல் காக்கும் பி.சி.எல்-2 புரதத்தைத் தடுக்கும் மருந்து வெனடோக்ளாக்ஸ்; அதன் அளவை ஏணி போல வாரம் ஒரு படியாக ஏற்றுவோம். அந்த மாத்திரையைத் தொடங்கிய 22ஆம் நாள் காலை, 200 மில்லிகிராம் மாத்திரைகள் அவருடைய கட்டிலருகே தயாராக இருந்தன. அவற்றை அவர் விழுங்கியிருந்தால் இந்தக் குறிப்பு வேறு விதமாக முடிந்திருக்கும். விழுங்காமல் போனதற்கு ஒரு செவிலியரும் ஒரு பழைய நோட்டுப் புத்தகமும் காரணம். அந்த நிலை உருவானதற்கு எங்கள் கவனக்குறைவு காரணம். இரண்டையும் முழுதாகப் பதிவு செய்கிறோம்.

## பின்னணி

நோயாளி ஓய்வு பெற்ற கணக்காளர். 58ஆம் வயதில், வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஒரு மைக்ரோலிட்டருக்கு லிம்போசைட் என்ற வகை வெள்ளணுக்கள் 28,000 இருப்பது தெரியவந்தது. அந்தச் செல்கள் சிடி5, சிடி19, சிடி23 ஆகிய மேற்பரப்புப் புரத அடையாளங்களைத் தாங்கியிருந்தன. நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய் என்று உறுதியாயிற்று. சுருக்கமாக சி.எல்.எல் என்போம். காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, ரத்தசோகை இல்லை. இந்த நிலையில் மருந்தைத் தொடங்குவதால் ஆயுள் கூடுவதில்லை என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்று முடிவு செய்தோம். "புற்றுநோய்னு சொல்றீங்க, மருந்து வேண்டாம்னும் சொல்றீங்களே டாக்டர்" என்று அவர் கேட்டது நினைவிருக்கிறது. இந்த நோயில் எல்லோரும் கேட்கும் கேள்வி அது. ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட.

62ஆம் வயதில் ரத்தசோகை வந்தது. கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டிகள் பெருத்தன. அப்போது செய்த குரோமோசோம் பரிசோதனையில் 13ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு துண்டு இல்லாதது மட்டும் தெரிந்தது. ஃபுளூடராபின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற வேதி மருந்துகளும் ரிட்டுக்ஸிமாப் என்ற எதிர்ப்புரத மருந்தும் சேர்ந்த சிகிச்சை ஆறு சுற்றுகள் கொடுத்தோம். நோய் நன்றாக அடங்கியது. ஆனால் அமைதி மூன்றரை ஆண்டுகள்தான் நீடித்தது.

66ஆம் வயதில் நோய் திரும்பியபோது ஹீமோகுளோபின் 8.9. லிம்போசைட்டுகள் 92,000. வயிற்றுக்குள் ஒரு நெறிகட்டி 6.5 சென்டிமீட்டர். இம்முறை பரிசோதனையில் புதிய ஒன்று தெரிந்தது: பத்தில் ஆறு செல்களில் 17ஆம் குரோமோசோமின் குட்டைக் கை காணாமல் போயிருந்தது.

## சாக மறுக்கும் செல்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிறகு நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது.

உடலில் தினமும் கோடிக்கணக்கான செல்கள் ஒழுங்காகச் சாகின்றன. சுருங்கி, துண்டு துண்டாகி, அக்கம்பக்கத்துச் செல்களால் விழுங்கப்பட்டு, வீக்கமோ சீழோ இல்லாமல் மறைகின்றன. ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டேர் கரி ஆகிய மூவரும் 1972இல் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு ஒன்றின் உடலில் பிறக்கும் 1,090 செல்களில் சரியாக 131 செல்கள் குறித்த நேரத்தில் சாகின்றன. அந்தச் சாவை மரபணுக்களே நடத்துகின்றன என்று காட்டிய ஆய்வுகளுக்கு 2002இல் சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதச் செல்லில் இந்தச் சாவுக்கு மதகு போல நிற்பது பி.சி.எல்-2 புரதக் குடும்பம். அதில் மூன்று வகையினர் உண்டு. பாக்ஸ், பாக் என்ற இருவரும் கொலையாளிகள். அவர்கள் ஒன்றுகூடி மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளை போட்டால், உள்ளிருந்து சைட்டோகுரோம் சி கசியும். அது காஸ்பேஸ் என்னும் வெட்டும் நொதிகளை எழுப்பிவிடும். அதன்பின் செல்லுக்கு மீட்சி இல்லை. பி.சி.எல்-2, பி.சி.எல்-எக்ஸ்எல், எம்.சி.எல்-1 ஆகியவை காவலர்கள். பிம், பூமா, நாக்ஸா போன்றவை தூதர்கள்: செல்லுக்குள் ஏதோ கெட்டுவிட்டது என்ற செய்தியைக் கொண்டு வருபவை. காவலர் புரதத்தின் முதுகில் ஒரு நீண்ட பள்ளம் இருக்கிறது. தூதர் அந்தப் பள்ளத்தில் சிக்கிக்கொண்டால் செய்தி போய்ச் சேராது. பள்ளங்கள் எல்லாம் நிரம்பிய பிறகும் தூதர்கள் வந்துகொண்டே இருந்தால் மதகு திறந்துவிடும்.

பி.சி.எல்-2 முதலில் அகப்பட்டது ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற நெறிகட்டிப் புற்றுநோயில். அங்கே 14ஆம் 18ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொண்டு, இந்த மரபணு ஓயாமல் வேலை செய்யும்படி ஆகிவிடுகிறது. அதுவரை புற்றுநோய் மரபணு என்றால் செல்லை வேகமாகப் பெருக்குவது என்றே நினைத்திருந்தார்கள். டேவிட் வோ, சூசன் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் மூவரும் 1988இல் வேறொன்றைக் காட்டினார்கள். பி.சி.எல்-2 செல்லைப் பெருக்குவதில்லை, சாகவிடாமல் வைத்திருக்கிறது. பெருகாமலேயே சேர்ந்து சேர்ந்து நோயாகலாம் என்பது அன்று புதிய செய்தி. சாவு குறைந்தால் புற்றுநோயும் தன்னெதிர்ப்பு நோய்களும் வரலாம். அதே சாவு கூடினால் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் பின் திசு இன்னும் அதிகமாக அழியலாம்.

சி.எல்.எல் நோயில் அந்தக் குரோமோசோம் மாற்றம் பொதுவாக இல்லை. பாதிக்கும் மேற்பட்டவர்களிடம், எங்கள் நோயாளியைப் போல, 13ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு போயிருக்கும். அந்தத் துண்டில்தான் பி.சி.எல்-2 அளவை அடக்கி வைக்கும் இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏக்கள் இருக்கின்றன. அவை போனதும் காவலர்கள் பெருகிவிடுகிறார்கள். ஆனால் தூதர்களும் குறைவில்லை: ஒவ்வொரு செல்லிலும் ஏராளமான பிம் புரதம் பள்ளங்களில் சிறைப்பட்டுக் கிடக்கிறது. அதாவது இந்தச் செல்கள் சாவின் விளிம்பிலேயே நிற்கின்றன. ஒரே ஒரு கை பின்னுக்கு இழுத்துப் பிடித்திருக்கிறது.

17ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருப்பது பி53 என்ற மரபணு. டி.என்.ஏ உடைந்தால் பூமாவையும் நாக்ஸாவையும் வரவழைப்பது அதுதான். பழைய வேதி மருந்துகள் டி.என்.ஏவை உடைத்து, பி53 வழியாகச் செல்லைச் சாகவைப்பவை. பி53 இல்லாத செல்லுக்கு அந்த மருந்து வெறும் காயம். முதல் சிகிச்சை மற்றச் செல்களைக் கொன்று, இந்தச் செல்களுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தது என்றே நாங்கள் கருதுகிறோம்.

## எந்த மருந்து, ஏன்

மறுபடியும் வேதி மருந்து கொடுப்பதில் பொருள் இல்லை. இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நோய்ச் செல் உயிர்வாழ உதவும் பி.டி.கே நொதியைத் தடுக்கும் இப்ருட்டினிப். ஆனால் நோயாளிக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு உண்டு. அதற்குக் கொடுத்த ரத்த உறைவுத் தடுப்பு மருந்தால் ஏற்கெனவே ஒருமுறை குடலில் ரத்தம் கசிந்து மருந்தை நிறுத்த வேண்டி வந்தது. இப்ருட்டினிப் இந்த இரண்டு சிக்கலையும் கூட்டக்கூடியது.

மற்றொன்று வெனடோக்ளாக்ஸ். பி.சி.எல்-2 பள்ளத்தில் போய் உட்கார்ந்து, சிறைப்பட்ட பிம்மை வெளியே தள்ளும் மாத்திரை. பி53 இருக்கும் இடத்துக்கும் கீழே வேலை செய்வதால் பி53 இல்லாத செல்லையும் அது கொல்லும். இதற்கு முன்னோடியான நாவிட்டோக்ளாக்ஸ் பி.சி.எல்-எக்ஸ்எல் புரதத்தையும் சேர்த்துப் பிடித்தது. ரத்தத் தட்டணுக்களின் ஆயுள் அந்தப் புரதத்தை நம்பியிருப்பதால் தட்டணுக்கள் சரிந்தன. பி.சி.எல்-2ஐ மட்டும் தேர்ந்து பிடிக்கும்படி மாற்றி அமைக்கப்பட்ட வெனடோக்ளாக்ஸ் பற்றிய முதல் அறிக்கை 2013இல் வந்தது. 2016இல் வெளியான முதல் மனித ஆய்வில் 116 நோயாளிகளில் 79 விழுக்காட்டினரிடம் நோய் அடங்கியது. 2018இல் வெளியான ஆய்வில் வெனடோக்ளாக்ஸும் ரிட்டுக்ஸிமாபும் பெற்றவர்களில் 84.9 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுக்குப் பிறகும் நோய் முன்னேறாமல் இருந்தார்கள். பழைய வேதி மருந்துச் சேர்க்கையில் அது 36.3 விழுக்காடு.

இரண்டாவது வழியையே தேர்ந்தோம். தேர்ந்த அன்றே அதன் ஆபத்தும் மேசைக்கு வந்தது. விளிம்பில் நிற்கும் செல்களை ஒரே நேரத்தில் தள்ளிவிட்டால் அவை ஒரே நேரத்தில் உடைந்து, உள்ளிருக்கும் பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலத்துக்கு மூலமான பொருட்கள் எல்லாம் ரத்தத்தில் கொட்டும். சிறுநீரகம் திணறும், இதயம் நிற்கவும் கூடும். இதைக் கட்டிச் சிதைவு நோய்க்குறி என்கிறோம். கூடிய அளவில் தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் வேகமாக ஏற்றிய ஆரம்ப ஆய்வுகளில் இருவர் இதனால் இறந்தார்கள். இன்று உலகெங்கும் பின்பற்றும் ஐந்து வார ஏணி, அதாவது வாரம் ஒரு படியாக 20, 50, 100, 200, 400 மில்லிகிராம் என்று ஏறும் முறை, அந்த இழப்புகளுக்குப் பிறகு வந்தது. அதை அவசரக் குறுக்குவழிகளுக்கு இடமில்லாத ஒன்றாகவே எங்கள் பிரிவில் நடத்துகிறோம்.

## முதல் இரண்டு படிகள்

லிம்போசைட் 25,000க்கு மேலும் நெறிகட்டி 5 சென்டிமீட்டருக்கு மேலும் இருந்ததால் அவர் அதிக ஆபத்துப் பிரிவில் வந்தார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.0 என்று சாதாரணமாகத் தெரிந்தாலும், வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 62 மில்லிலிட்டர்தான். 80க்குக் கீழ் போனாலே கூடுதல் கவனம் தேவை.

துடிப்பைக் கட்டுப்படுத்த அவர் டில்டியாஸெம் சாப்பிட்டுவந்தார். வெனடோக்ளாக்ஸை ஈரலில் சிதைப்பது சிஒய்பி3ஏ என்ற நொதி. டில்டியாஸெம் அந்த நொதியை ஓரளவு தடுக்கும்; அதனால் வெனடோக்ளாக்ஸ் ரத்தத்தில் கூடிவிடும். இதயநோய் மருத்துவரிடம் பேசி மெட்டோப்ரோலாலுக்கு மாற்றினோம். இதைச் சரியாகப் பிடித்தோம் என்ற நிம்மதிதான் பின்னால் எங்களை அசரவைத்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

யூரிக் அமிலம் உருவாவதைக் குறைக்கும் அல்லோப்யூரினாலை மூன்று நாள் முன்பே தொடங்கினோம். ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு இல்லை என்று பார்த்துக்கொண்டு, யூரிக் அமிலம் 8.1 இருந்ததால் அதைச் சிதைக்கும் ராஸ்புரிகேஸ் ஒரு வேளை கொடுத்தோம். அந்த மருந்து கொடுத்த பிறகு எடுக்கும் ரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். இல்லையென்றால் குழாய்க்குள்ளேயே யூரிக் அமிலம் சிதைந்து, பொய்யான குறைந்த அளவு வரும். இதற்காக ஆய்வக ஊழியரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம்.

முதல் 20 மில்லிகிராம் உள்நோயாளியாக, நரம்பு வழித் திரவத்தோடு கொடுக்கப்பட்டது. 4, 8, 12, 24 மணி நேரங்களில் ரத்தம் எடுத்தோம். 12ஆம் மணியில் பாஸ்பேட் 5.2 வரை ஏறி மறுநாள் இறங்கியது. லிம்போசைட்டுகள் 92,000இலிருந்து ஒரே நாளில் 58,000 ஆயின. முதல் வார இறுதியில் 19,000. இரண்டாம் படி 50 மில்லிகிராம் எந்தச் சலனமும் இல்லாமல் கடந்தது. 15ஆம் நாள் 100 மில்லிகிராம் தொடங்கியபோது லிம்போசைட்டுகள் 6,000. 24 மணி நேரம் கழித்து எடுத்த பொட்டாசியம் 4.2, பாஸ்பேட் 3.4, யூரிக் அமிலம் 4.1, கிரியேட்டினின் 1.0.

அந்த 6,000 என்ற எண் எங்களை ஏமாற்றியது. ரத்தத்தில் ஓடும் செல்கள்தாம் முதலில் சாகும். எலும்பு மஜ்ஜையிலும் வயிற்று நெறிகட்டியிலும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பினோம்; 22ஆம் நாள் அடுத்த படிக்கு வரச் சொன்னோம். வீட்டுக்கு அனுப்பியது விதிமுறைப்படி சரி. ஆனால் இடைப்பட்ட நாட்களில் யாரும் தொலைபேசியில்கூட விசாரிக்கவில்லை.

## 22ஆம் நாள் காலை

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம்: ரத்த முடிவு வராமல் படி ஏறும் மாத்திரையைக் கொடுப்பதில்லை. அன்று ரத்தம் எடுத்தாயிற்று, முடிவுக்காகக் காத்திருந்தோம். அந்த நேரத்தில் செவிலியர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "போன வாரம் வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களாம்மா?"

நோயாளி கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். கணக்காளர் அல்லவா, தினமும் சாப்பிட்டதையும் மாத்திரையையும் நேரத்தோடு எழுதி வைத்திருந்தார். 18ஆம் நாள் இருமலும் காய்ச்சலும். 20ஆம் நாள் வீட்டருகே ஒரு மருத்துவரைப் பார்த்தது. அன்று காலையிலிருந்து கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி 500 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. மொத்தம் நான்கு.

செவிலியர் அந்தப் பக்கத்தைக் கண்டதும் மாத்திரைத் தட்டை எடுத்துக்கொண்டு நேராக மருத்துவர் அறைக்கு வந்தார். அதே சமயம் ஆய்வக முடிவும் திரையில் வந்தது. பொட்டாசியம் 5.6. பாஸ்பேட் 5.3. யூரிக் அமிலம் 6.8. கால்சியம் 8.4. கிரியேட்டினின் 1.4.

பணியில் இருந்த இளம் மருத்துவருக்கு முதலில் வந்த எண்ணம், ரத்தம் குழாயில் சிதைந்திருக்கும் என்பது. நியாயமான சந்தேகம்தான், சிவப்பணு உடைந்தால் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் பொய்யாக ஏறும். ஆனால் கிரியேட்டினினும் யூரிக் அமிலமும் அப்படி ஏறாது. நான்கும் சேர்ந்து ஏறினால் அது குழாயின் தவறு அல்ல. மறு ரத்தம் எடுக்கச் சொன்னோம். ஆனால் அதன் முடிவுக்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்கவில்லை.

கிளாரித்ரோமைசின் சிஒய்பி3ஏ நொதியை வலுவாகத் தடுக்கும் மருந்து. அந்த நொதியை அதேபோல் வலுவாகத் தடுக்கும் கீட்டோகோனசோலை வெனடோக்ளாக்ஸோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது உடல் எதிர்கொண்ட மொத்த மருந்தின் அளவு 6.4 மடங்கானது. எங்கள் நோயாளியின் ரத்தத்தில் எவ்வளவு ஏறியது என்று அளக்கும் வசதி எங்களிடம் இல்லை. ஆனால் 100 மில்லிகிராம் படியில் நின்றவர், உடலைப் பொறுத்தவரை அந்தப் படியில் நிற்கவில்லை என்பது தெளிவு. ஏணியில் அவர் அறியாமலே பல படிகள் ஏறியிருந்தார். அன்று காலை அதன்மேல் 200 கொடுத்திருப்போம்.

அவரிடம் பேசியபோது சொன்னதுதான் எங்களை அதிகம் உலுக்கியது. "நீங்க குடுத்த அட்டையைப் பாத்துட்டுத்தான் டாக்டர் வாங்கினேன். அதுல இந்தப் பேரு இல்லையே." அட்டையை எடுத்துப் பார்த்தோம். 'வலுவான சிஒய்பி3ஏ தடுப்பான்களைத் தவிர்க்கவும்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே கிரேப்ஃப்ரூட் பழம் வேண்டாம் என்ற ஒரு வரி. ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை. அவர் அட்டையைப் படித்தார், ஒப்பிட்டார், பெயர் இல்லை என்று நிம்மதியாக மருந்தைச் சாப்பிட்டார். அவர் பக்கத்தில் பிழை ஏதும் இல்லை. நிமோனியாவாக இருக்கலாம் என்று அந்த மருந்தைத் தேர்ந்த மருத்துவர் பக்கத்திலும் இல்லை. அவருக்கு நாங்கள் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

## எடுத்த முடிவுகள்

வெனடோக்ளாக்ஸை நிறுத்தினோம். கிளாரித்ரோமைசினையும் நிறுத்தினோம். அது இதயத் துடிப்பின் க்யூ.டி. இடைவெளியையும் நீட்டக்கூடியது என்பதால் உடனே இ.சி.ஜி. எடுத்தோம், பொட்டாசியத்தால் வரும் மாற்றமோ நீண்ட இடைவெளியோ இல்லை. மார்பு எக்ஸ்ரேயில் வலது கீழ் நுரையீரலில் சிறு நிழல் இருந்தது. தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில் 1,400. தொற்றை விட்டுவைக்க முடியாது. செஃப்ட்ரியாக்ஸோன், டாக்ஸிசைக்ளின் என்ற வேறு இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கொடுத்தோம்.

விவாதம் நடந்தது திரவ அளவில். சிறுநீரகத்தைக் காக்க மணிக்கு 200 மில்லிலிட்டர் வேண்டும் என்றார் ஒருவர். இதயக் கோளாறு உள்ளவருக்கு அது நுரையீரலில் நீர் கோத்துவிடும் என்றார் மற்றவர். எக்கோ பரிசோதனையில் இதயத்தின் அழுத்தும் திறன் நன்றாக இருப்பதைப் பார்த்த பிறகு, 150இல் தொடங்கி, மணிக்கு மணி சிறுநீரை அளந்து, காலையும் மாலையும் எடை பார்த்துத் தொடர்வது என்று முடிவாயிற்று. ராஸ்புரிகேஸ் ஒரு வேளை. கால்சியம் சற்று இறங்கியிருந்தாலும் தசைப்பிடிப்போ வலிப்போ இல்லாததால் கால்சியம் ஏற்றவில்லை. பாஸ்பேட் உயர்ந்திருக்கும்போது கால்சியம் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தில் படியும். சிறுநீரக மருத்துவரிடம் அப்போதே தகவல் சொன்னோம். டயாலிசிஸ் தேவைப்பட்டால் இரவு பத்து மணிக்கு முதன்முறையாக அவரை எழுப்பக் கூடாது.

ஆறாம் மணியில் பொட்டாசியம் 5.9, பாஸ்பேட் 6.1, கிரியேட்டினின் 1.6. அதுதான் உச்சம். அந்த இரவு யாரும் சரியாக உட்காரவில்லை. பன்னிரண்டாம் மணியில் பொட்டாசியம் 5.2க்கு இறங்கியது. முப்பது மணி நேரத்தில் கிரியேட்டினினைத் தவிர எல்லாம் இயல்புக்கு வந்தன, அது 1.1க்கு வர மூன்று நாள் ஆனது.

மறுபடி எப்போது, எந்த அளவில் தொடங்குவது என்பது அடுத்த கேள்வி. கிளாரித்ரோமைசின் நொதியோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலற்றதாக்குகிறது. மருந்து உடலை விட்டுப் போனாலும், ஈரல் புதிய நொதியை உருவாக்கும்வரை தடுப்பு நீடிக்கும். தடுப்பானை நிறுத்தி இரண்டு மூன்று நாள் கழித்துப் பழைய அளவைத் தொடரலாம் என்பது பொதுவான வழிகாட்டல். ரத்த மாற்றங்கள் 48 மணி நேரத்துக்குள் சீரானதால் 100லேயே தொடரலாம் என்று எங்களில் ஒருவர் வாதாடினார். விதிப்படி அவர் சொன்னது சரி. ஆனால் கிரியேட்டினின் முழுதாகத் திரும்பவில்லை, தொற்றுக்கான சிகிச்சை இன்னும் முடியவில்லை, நெறிகட்டி எவ்வளவு குறைந்திருக்கிறது என்றும் தெரியவில்லை. ஐந்து நாள் கழித்து 50இல் தொடங்கினோம். ஒரு வாரம் தாமதமாகும், நோய் அதற்குள் ஓடிவிடாது என்பது எங்கள் கணிப்பு. அதற்கு முன் எடுத்த ஸ்கேனில் வயிற்று நெறிகட்டி 3.8 சென்டிமீட்டராகச் சுருங்கியிருந்தது.

## பின் நடந்தவை

ஏணியின் மீதிப் படிகள் அமைதியாகக் கடந்தன. 400இல் ஒரு வாரம் நின்ற பிறகு ரிட்டுக்ஸிமாப் தொடங்கி ஆறு மாதம் கொடுத்தோம். மூன்றாம் மாதம் நியூட்ரோஃபில் 600க்கு இறங்கியது. வெள்ளணு ஊக்கி ஊசி போட்டு, சில நாள் மருந்தை நிறுத்தித் தொடர்ந்தோம். பி.சி.எல்-2 நல்ல செல்களுக்கும் வேண்டியதுதான் என்பதை இந்தப் பக்கவிளைவு நினைவூட்டும். இடையில் ஒருமுறை பூஞ்சைத் தொற்றுச் சந்தேகம் வந்தபோது, போசகோனசோல் தொடங்கும் முன்பே அவர் எங்களை அழைத்தார். வெனடோக்ளாக்ஸை 400இலிருந்து 70 மில்லிகிராமுக்குக் குறைத்தோம். முழு அளவுக்கு வந்துவிட்ட பிறகு அப்படிக் குறைத்துச் சேர்த்துக் கொடுக்க வழி உண்டு. ஏணி ஏறும் காலத்தில் அந்த வழி கிடையாது.

ஒன்பதாம் மாதம் ரத்தத்தில் 10,000 வெள்ளணுக்களில் ஒரு நோய்ச் செல்கூடத் தென்படவில்லை. 24 மாதம் முடிந்ததும் மாத்திரையை நிறுத்தினோம்.

20 மாதம் அவர் மருந்தில்லாமல் இருந்தார். பிறகு லிம்போசைட்டுகள் மெல்ல ஏறின, ஹீமோகுளோபின் 9.8க்கு இறங்கியது. இந்த முறை முதலில் கேட்ட கேள்வி: மருந்து உட்காரும் பள்ளம் மாறிவிட்டதா? பி.சி.எல்-2 புரதத்தின் 101ஆம் இடத்தில் கிளைசின் போய் வேலின் வந்தால் வெனடோக்ளாக்ஸ் அங்கே சரியாக ஒட்டாது. தூதர் புரதங்கள் மட்டும் வழக்கம்போல் ஒட்டும். காவலருக்கு அது இரட்டை லாபம். நீண்டகாலம் இடைவிடாமல் மருந்து சாப்பிட்ட சிலரிடம் இந்த மாற்றம் 2019இல் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. எங்கள் நோயாளியிடம் அது இல்லை. மருந்தோடு இருந்தபோது நோய் திரும்பவில்லை, நிறுத்திய பிறகே திரும்பியது என்பதோடு அது பொருந்தியது. இதயத்துக்குத் தொந்தரவு குறைந்த புதிய பி.டி.கே தடுப்பான்களையும் அவரிடம் விளக்கினோம். குடலில் ரத்தம் கசிந்த நாட்களை அவர் மறக்கவில்லை. முன்பு பலன் தந்த மருந்தையே கேட்டார். ஒப்புக்கொண்டோம்.

## மாற்றியவை

அட்டையைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினோம். நொதியின் பெயர் அதில் இல்லை. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்ஸசின், ஃபுளூகோனசோல், இட்ரகோனசோல், போசகோனசோல், வோரிகோனசோல், டில்டியாஸெம், வெரபாமில் என்று மருந்தின் பெயர்களே இருக்கின்றன. 'இந்தப் பட்டியலில் இல்லை என்பதால் பாதுகாப்பு என்று அர்த்தம் இல்லை, எதையும் சாப்பிடும் முன் அழையுங்கள்' என்ற வரி மேலே, பெரிய எழுத்தில். இரவிலும் எடுக்கப்படும் தொலைபேசி எண் ஒன்று. நோயாளி வழக்கமாகப் பார்க்கும் மருத்துவருக்கும் மருந்துக் கடைக்கும் தனித்தனிக் கடிதம். ஒவ்வொரு படியின் நான்காம் நாளும் செவிலியர் தொலைபேசியில் அழைத்து, காய்ச்சல், இருமல், புது மாத்திரை ஆகிய மூன்றையும் கேட்கிறார்.

இன்னொன்றும் மாற வேண்டியிருந்தது, அது இந்த நெருக்கடிக்கு வெகு முந்தையது. முதல் சிகிச்சைக்கு முன் குரோமோசோம் துண்டுகளை மட்டும் பார்த்தோம். பி53 மரபணுவின் எழுத்துகளை வரிசையாகப் படித்துப் பார்க்கவில்லை. துண்டு போகாமலே எழுத்து மாறியிருக்கலாம். அன்று படித்திருந்தால் வேதி மருந்தைத் தவிர்த்திருப்போமா என்று இப்போது சொல்ல வழியில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு சிகிச்சைக்கு முன்பும் இரண்டையும் பார்க்கிறோம்.

ஏணியை மாற்றவில்லை. முடிவு வரும்வரை மாத்திரை இல்லை என்ற வழக்கத்தையும் மாற்றவில்லை. அன்று அவரைக் காப்பாற்றியவை அந்த வழக்கமும் செவிலியரின் கேள்வியும்தான்.

இரண்டாம் முறை ஏணியைத் தொடங்கியபோது லிம்போசைட் 31,000, நெறிகட்டிகள் 3 சென்டிமீட்டருக்குள். நடுத்தர ஆபத்துப் பிரிவு. இருந்தும் சிறுநீரகத்தை நினைத்து முதல் இரண்டு படிகளுக்கும் அவரை உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டோம். மூன்றாம் படியின் நான்காம் நாள் செவிலியர் அழைத்தபோது, தொண்டை கரகரப்பாக இருப்பதாகவும், மருந்து எதுவும் வாங்கவில்லை என்றும், அழைப்புக்காகத்தான் காத்திருந்ததாகவும் சொன்னார். மறுநாள் வந்து காட்டினார். சாதாரண சளி. ரத்த அளவுகள் சரியாக இருந்தன. வாரக் கடைசியில் 200க்கு ஏறினார். இப்போது 400இல் ஐந்தாம் மாதம்.